அம்மாவின் கையில் என்ன இருக்கிறது?



குளிர்காலம் தொடங்கிவிட்டால் சனி, ஞாயிறு எங்கள் வீடுகளில் தொலைக்காட்சிதான் பொழுதுபோக்கு. வெளியில் பனி. பிள்ளைகள் எங்கே போவார்கள்? அதுவும் புதிதாக வந்த குடும்பம் என்றால் போய்வர உறவினர் வீடும் கிடையாது. முன்பு வந்தவர்கள் வீடியோக் கொப்பி வாடகைக்கு எடுத்துப் பார்த்தார்கள். இப்போது ரெலிபோனிலேயே படம் வந்துவிடுகிறது.

பிள்ளைகள் தெரிவு செய்யும் படங்களில் அனேகமானவை குடும்பத்தோடு பார்க்கும் சாகசப் படங்கள். காடு, தீவு, புதையல், விண்வெளி, பழைய காலத்து மிருகங்கள் என்று ஓடும். ஆபாசம் இல்லை, பெரிய இரத்தக்களரி இல்லை. ஆகவே பெற்றோருக்கும் நிம்மதி. பிள்ளைகளுக்குப் பாசை பழகவும் உதவும் என்று நாங்களும் பக்கத்தில் இருந்து பார்க்கிறோம்.

இங்கு ஜேர்மன் மொழியில் ஓடும் படத்தில் எங்களுக்குப் பாதி வசனம் விளங்காது. அதில் ஒரு நன்மை இருக்கிறது. வாய் பேசுவது விளங்காதபோது கண் கையைத்தான் பார்க்கும். யார் கயிற்றைப் பிடிக்கிறார், யார் கதவைத் திறக்கிறார், யார் சும்மா நின்று கத்துகிறார் என்பது பாசை தெரியாதவருக்கும் தெரியும். அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு கேள்வி வந்தது. ஆபத்து வரும்போது இந்தப் படங்களில் அம்மாவின் கையில், அக்காவின் கையில் என்ன இருக்கிறது? இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நாங்கள் வாழும் சுவிஸ் நாட்டிலிருந்தே தொடங்கலாம். பேர்ண் நகரத்துப் பாதிரியார் ஜொஹான் டாவிட் வீஸ் தன் பிள்ளைகளுக்காக எழுதிய கதை 1812 இல் புத்தகமாக வந்தது. ஆங்கிலத்தில் அதை 'சுவிஸ் குடும்ப ரொபின்சன்' என்கிறார்கள். கப்பல் உடைந்து ஆளில்லாத தீவில் ஒதுங்கும் ஒரு தகப்பன், தாய், நான்கு ஆண்பிள்ளைகளின் கதை அது. பெண்பிள்ளை இல்லை. கதையைச் சொல்பவரும் தகப்பன்தான். ஆனாலும் அந்தப் பழைய புத்தகத்தில் தாயின் கையில் ஒரு பை இருக்கிறது. உடையும் கப்பலை விட்டு இறங்கும்போது, யோசித்து யோசித்து வேண்டியதையெல்லாம் அதற்குள் போட்டு எடுத்து வருகிறாள். ஊசியும் நூலும் அதற்குள்ளிருந்து வருகின்றன, விதைகளும் வருகின்றன. தகப்பனும் மூத்தவனும் கப்பலில் மிச்சப் பொருட்களை எடுக்கப் போன நேரத்தில் அவள் தோட்டம் போட்டுவிடுகிறாள். பெரிய மரத்தின்மேல் குடியிருக்கலாம் என்ற யோசனையும் அவளுடையதுதான்.

இதே கதையை டிஸ்னி நிறுவனம் 1960 இல் படமாக எடுத்தது. படத்தில் அந்தக் குடும்பம் நெப்போலியனின் போருக்குத் தப்பி நியூகினி போக வெளிக்கிட்ட குடும்பம். அதாவது எங்களைப் போன்றவர்கள்தான். ஆனால் மரவீட்டைத் தகப்பனும் பிள்ளைகளும் கட்டி முடித்து, பிறகு தாயை அழைத்துக் காட்டுகிறார்கள். அவள் குசினியைப் பார்த்து மகிழ்கிறாள். 1812 இல் யோசனை சொன்னவள், 1960 இல் பரிசு வாங்குபவளாகிவிட்டாள். காலம் போகப் போகப் பெண்களுக்கு நல்ல இடம் தானாகவே கிடைக்கும் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அந்தப் படத்தில் இன்னொரு பெண்ணும் வருகிறாள். கடற்கொள்ளைக்காரருக்குப் பயந்து, கப்பலில் வேலை செய்யும் பையனைப்போல் உடுத்து மறைந்திருப்பவள். அண்ணனும் தம்பியும் அவளைக் காப்பாற்றிக் காட்டுவழியாகக் கூட்டிவருகிறார்கள். பையன் என்று நினைக்கும்வரை அவள் வெறும் தோழன். பெண் என்று தெரிந்ததும் அவளுக்காக இருவரும் போட்டிபோட்டுச் சண்டைபிடிக்கிறார்கள். அவள் என்ன செய்வாள் என்பது போய், யாருக்குக் கிடைப்பாள் என்பது கதையாகிவிடுகிறது.

அடுத்தது தொலைக்காட்சி. 1965 முதல் 1968 வரை அமெரிக்காவில் 'விண்வெளியில் தொலைந்தவர்கள்' என்ற தொடர் ஓடியது. 83 பகுதிகள். இதிலும் ரொபின்சன் குடும்பம்தான். தீவுக்குப் பதிலாக வேற்றுக் கிரகம். தாய் மொறீன் ஒரு உயிர்வேதியியல் விஞ்ஞானி என்று சொல்லப்படுகிறது. படித்த பெண். ஆனால் கிரகத்தில் இறங்கியபிறகு அவளுடைய விஞ்ஞானத்தை அதிகம் காணமுடியாது. சாப்பாட்டு மேசையில் காணலாம், தோட்டத்தில் காணலாம், உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் காணலாம். அந்த இயந்திரம் உடுப்பைத் தோய்த்து, மடித்து, பிளாஸ்ரிக் பையிலும் போட்டுக் கொடுக்கும். அப்படி ஒரு இயந்திரத்தைக் கற்பனை செய்தவர்களுக்கு, அதற்குப் பக்கத்தில் ஒரு ஆண் நிற்பதைக் கற்பனை செய்ய முடியவில்லை! ஆபத்து வரும்போது கடைசி மகன் வில்லும் றோபோவும் முன்னுக்கு நிற்பார்கள். பெண்கள் கப்பலுக்குள் அனுப்பப்படுவார்கள்.

இதே கதை 2018 இல் நெற்ஃபிளிக்சில் புதிதாக வந்தது. 2021 வரை மூன்று பருவங்கள், 28 பகுதிகள். இதில் மொறீன் விண்கலப் பொறியியலாளர். முதற்பகுதியிலேயே அவளுக்குக் கால் முறிகிறது. நகர முடியாமல் கிடந்தபடி கணக்குப் போட்டு, என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். மூத்த மகள் ஜூடி மருத்துவம் பயின்றவள். குடும்பம் உயிர்பிழைக்கத் தேவையான பற்றரியை எடுக்க, உறையும் தண்ணீருக்குள் இறங்குபவள் அவள்தான். தகப்பன் இராணுவவீரர். அவரும் வேலை செய்கிறார். அவரைக் கோமாளியாக்கித்தான் பெண்ணை உயர்த்தவேண்டும் என்று எடுத்தவர்கள் நினைக்கவில்லை.

இந்தத் தொடரில் எனக்குப் பிடித்தது மொறீனுடைய கெட்டித்தனம் மட்டும் அல்ல. மகன் வில் பயணத்துக்கான பரீட்சையில் சித்தியடையவில்லை. அவனை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் தாய் அந்த முடிவைக் களவாக மாற்றிவிக்கிறாள். அது பிழையான காரியம். அதற்கு அவள் பின்னர் விலை கொடுக்கிறாள். பிழை செய்யவும், அதைச் சுமக்கவும் விட்டால்தான் ஒரு பாத்திரம் முழு மனுசியாகிறது. பழைய மொறீனுக்குப் பிழை விடக்கூட இடமில்லை. ஏனென்றால் அவளிடம் ஒரு முடிவும் எடுக்கக் கொடுக்கப்படவில்லை.

எங்கள் ஊர் மண்ணில் எடுத்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் எடுத்த இந்தியானா ஜோன்ஸ் வரிசையில் இரண்டாவது படம், 'அழிவின் கோயில்', 1984 இல் வந்தது. கதை இந்தியாவில் நடக்கிறது. இந்திய அரசாங்கத்தோடு திரைக்கதை விடயத்தில் இணக்கம் ஏற்படாததால் கிராமக் காட்சிகளைக் கண்டிப் பக்கத்தில் எடுத்தார்கள். படப்பிடிப்பு 1983 ஏப்ரலில் தொடங்கியது. மூன்று மாதத்தில் அந்த நாட்டில் என்ன நடந்தது என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். படத்தில் இந்தியக் கிராமத்தவர்கள் என்று வருபவர்கள் பேசுவது சிங்களம்.

அந்தக் கிராமத்தில் பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் எப்படி இருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? ஆனால் படத்தில் அவர்களுக்குக் கதை இல்லை. கிழவர் பேசுகிறார், வெளிநாட்டு வீரர் கேட்கிறார், பெண்கள் சுற்றிவர நிற்கிறார்கள். கடைசியில் பிள்ளைகள் திரும்பி ஓடிவரும்போது கட்டிப்பிடிக்க மட்டும் வருகிறார்கள்.

வீரரோடு வரும் வெள்ளைக்காரப் பெண் வில்லி ஒரு பாட்டுக்காரி. யானையில் ஏறினால் கத்துகிறாள், பூச்சியைக் கண்டால் கத்துகிறாள், உடுப்பு ஊத்தையானால் புலம்புகிறாள். அவளாக நடித்த கேற் கப்ஷோவே பிற்காலத்தில் இந்தக் கத்தல் பாத்திரத்தைப் பற்றிக் குறைப்பட்டிருக்கிறார். ஆனால் ஒரு காட்சியை வடிவாகப் பாருங்கள். வீரரும் சிறுவனும் ஒரு அறைக்குள் பூட்டப்பட்டு, ஊசிகள் நிறைந்த கூரை கீழே இறங்குகிறது. பூச்சிகள் நெளியும் துவாரத்துக்குள் கையை விட்டு விசையை இழுத்தால்தான் அவர்கள் பிழைப்பார்கள். வில்லி அழுது கொண்டு, கத்திக்கொண்டு, கையை விட்டு இழுக்கிறாள். பயமில்லாதவன் செய்வதைவிடப் பயத்தோடு செய்வது பெரிய காரியம். ஆனால் படம் அதைப் பகிடியாகக் காட்டுகிறது, பார்ப்பவர்களும் சிரிக்கிறார்கள். பெண் ஒன்றும் செய்யாமல் இருப்பது ஒரு குறை என்றால், செய்ததைப் பகிடியாக்குவது அதைவிடப் பெரிய குறை.

அதே ஸ்பீல்பேர்க் ஒன்பது வருடம் கழித்து, 1993 இல், 'ஜுராசிக் பார்க்' எடுத்தார். அதில் எல்லி என்ற பெண் பழங்காலத் தாவரங்களை ஆராயும் விஞ்ஞானி. நோய்வாய்ப்பட்ட மிருகம் என்ன தின்றது என்று அறிய, மலையளவு சாணத்துக்குள் முழங்கைக்கு மேலே கையை விடுகிறாள். முகம் சுளிப்பவர்கள் பக்கத்தில் நிற்கும் ஆண்கள். பிறகு மின்சாரம் நின்றுவிடுகிறது. யாராவது வெளியில் போய் அதைத் திருப்பிப் போடவேண்டும். வயதான முதலாளி, ஆண் என்றபடியால் தான் போகவேண்டுமோ என்று இழுக்கிறார். அந்த வாதத்தைத் திரும்பி வந்து வைத்துக்கொள்வோம் என்ற மாதிரிப் பதில் சொல்லிவிட்டு அவள் புறப்படுகிறாள். கையில் ரோர்ச் லைற்றும் வோக்கிரோக்கியும். அவளுக்கும் பயம். அவளும் கத்துகிறாள். ஆனால் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களுக்கு இந்தக் காட்சி நன்றாக விளங்கும். நான் வேலை செய்யும் இடத்தில் இயந்திரம் இறுகி நின்றால், மேற்பார்வையாளர் வரும்வரை காத்திருக்காமல் எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்று தெரிந்தவர்கள் லைனில் நிற்கும் பெண்கள்தான். அது பெரிய வீரம் என்று யாரும் சொல்வதில்லை. அது வேலை. எல்லி செய்வதும் அதுதான்.

இன்னொரு விடயம். 'ஜுராசிக் பார்க்' கதை 1990 இல் மைக்கல் கிரைற்றன் எழுதிய நாவலாக வந்தது. நாவலில் தம்பி என்று நாம் படத்தில் பார்க்கும் ரிம்தான் மூத்தவன். மிருகங்களைப் பற்றியும் அவனுக்குத் தெரியும், கணனியும் அவனுக்குத்தான் தெரியும். தங்கை லெக்ஸ் சிணுங்கும் சின்னப் பெண். படத்தில் வயதை மாற்றி, அக்கா ஆக்கி, கணனியை அவள் கையில் கொடுத்தார்கள். கதவுப் பூட்டைத் திருப்பி இயங்கவைப்பது லெக்ஸ். கதை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உலகம் முழுக்க ஓடிய படம். ஒரு பெண்பிள்ளையின் கையில் பொருளை மாற்றிக் கொடுக்க எடுத்தவர்களுக்கு மனம் மட்டும்தான் வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு படத்தைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. ஹொலிவூட் நடிகை ஜீனா டேவிஸ் தன் சின்ன மகளோடு சிறுவர் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெண் பாத்திரங்கள் குறைவாக இருப்பதைக் கவனித்தார். 2004 இல் இதை ஆராய ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய முயற்சியில், 1990 முதல் 2005 தொடக்கம் வரை வந்த, எல்லா வயதினரும் பார்க்கக்கூடிய 101 படங்களை எண்ணிப் பார்த்தார்கள். பேசும் பாத்திரங்களில் பெண்கள் 28 வீதம். அதாவது நூறு பேர் பேசினால் எழுபத்திரண்டு பேர் ஆண்கள். ஊர்வலம் போனாலும், கடைத்தெரு வந்தாலும், பேசும் மீன்களும் எலிகளும் வந்தாலும் அனேகம் ஆண்தான். பிள்ளைகள் நடக்கத் தொடங்கும் காலத்திலிருந்து இதைப் பார்த்தால், உலகத்தில் பெண்கள் கால்வாசிப்பேர்தான் என்று மனதில் பதியாதா?

இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. சில படங்களில் பெண்ணின் கையில் ஒரு துவக்கைக் கொடுத்து, இரண்டு பேரை உதைக்கவைத்து, இதுதான் புதுமைப்பெண் என்று காட்டுகிறார்கள். துவக்குச் சத்தத்துக்குத் தப்பி வந்த எங்களுக்கு அது ஒரு அதிசயப் பொருள் அல்ல. துவக்கைக் கொடுத்தாலும் எங்கே போவது, என்ன செய்வது என்ற முடிவை ஆண்தான் எடுக்கிறான் என்றால், பழைய மொறீனுடைய சாப்பாட்டுத் தட்டுக்குப் பதிலாக இவளிடம் ஒரு துவக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். படம்தானே, பார்த்துவிட்டு மறந்துபோகலாமே?

எங்கள் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். இங்கு வந்து ஒரு வருடத்தில் பிள்ளை பாசை பிடித்துவிடும். தாய்க்கு மூன்று நான்கு வருடம் போகும். அலுவலகத்துக்குப் போனால் பிள்ளை பேசும், தாய் பக்கத்தில் நிற்பாள். வைத்தியரிடம் போனாலும் அப்படித்தான். கடிதம் வந்தால் பிள்ளை வாசிக்கும். பேருந்தில் யாராவது ஒன்று கேட்டால் தாய் வெருண்டுபோய்ப் பிள்ளையைப் பார்ப்பாள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, அம்மா பயந்தவள், நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு திரியவேண்டும் என்று தெரியும். பிறகு வீட்டுக்கு வந்து படம் பார்த்தால் அங்கும் சுற்றிவர நிற்கும் பெண்கள், கத்தும் பெண்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்.

உண்மை என்ன? இந்தப் பிள்ளையை இங்கு கொண்டுவந்து சேர்த்தவள் அந்தத் தாய். பதுங்குகுழிக்குள் பிள்ளையின் வாயைப் பொத்தியவள். நகையைத் துணியில் தைத்து மறைத்தவள், எந்த நேரத்தில் அதை விற்கவேண்டும் என்று முடிவெடுத்தவள். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றி மழையிலும் கடலிலும் நனையாமல் கொண்டுவந்தவள். விசாரணையில் நாள் பிசகாமல் சொன்னவள். வீஸ் பாதிரியார் எழுதிய பையை இருநூறு வருடம் கழித்து எங்கள் பெண்கள் நிசமாகவே தூக்கி வந்தார்கள். இதைவிடப் பெரிய சாகசக் கதை எந்தப் படத்தில் இருக்கிறது? ஆனால் அதைப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. தாயும் சொல்வதில்லை. கவலை வரும் என்று மூடிவைத்துவிடுகிறோம்.

பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் இது பாதிப்பு என்று நினைக்கவேண்டாம். ஆண்பிள்ளைகளுக்கும்தான். எப்போதும் தான்தான் காப்பாற்றவேண்டும், அழக்கூடாது, பயப்படக்கூடாது என்று பழகும் பையன், பள்ளிக்கூடத்தில் யாராவது அடித்தாலும் வீட்டில் வந்து சொல்லமாட்டான்.

'அழிவின் கோயில்' படத்தில் இந்தியானா ஜோன்சோடு ஒரு சிறுவன் வருகிறான் என்று சொன்னேன் அல்லவா? அவனாக நடித்தவர் கீ ஹுய் குவான். அவரும் அகதிதான். வியட்நாமிலிருந்து படகில் தப்பி, ஹொங்கொங் முகாமில் இருந்து, 1979 இல் அமெரிக்கா போன குடும்பத்துப் பிள்ளை. வளர்ந்தபின் நடிக்க வாய்ப்பில்லாமல் பல வருடம் கமராவுக்குப் பின்னால் வேலை செய்தார். 2022 இல் வந்த 'எல்லாம், எங்கும், ஒரே நேரத்தில்' என்ற படத்தில் திரும்பி வந்தார். 2023 மார்ச்சில் அந்தப் படம் ஏழு ஒஸ்கார் விருதுகள் பெற்றது. அவருக்கும் ஒன்று. மேடையில் தன் படகுப் பயணத்தையும் முகாமையும் சொன்னார், தாயை நினைத்து அழுதார்.

அந்தப் படத்தில் உலகத்தைக் காப்பாற்றுபவள் யார் தெரியுமா? அமெரிக்காவில் உடுப்புத் தோய்க்கும் கடை நடத்தும், நடுத்தர வயதுச் சீனத் தாய். பாசை சரளமில்லை. வரி அலுவலகத்துக்குப் போனால், மொழிபெயர்க்க மகள் வரவில்லையா என்று அதிகாரி கேட்கிறாள். ஆபத்து தொடங்கும்போது அந்தத் தாயின் கையில் இருப்பவை பற்றுச்சீட்டுகள். கீ ஹுய் குவான் அவளுடைய கணவன். தாயாக நடித்த மிஷெல் யோவுக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. சின்னப் பிள்ளைகளோடு இருந்து பார்க்கும் படம் அல்ல, பெரியவர்கள் பாருங்கள். தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணை வைத்தே சாகசக் கதை சொல்லலாம் என்பதற்கு அது சாட்சி.

படங்களைத் தடைசெய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. தடைசெய்தால் பிள்ளை நண்பன் வீட்டில் பார்க்கும். பழைய படங்களும் பார்க்கட்டும். ஆனால் கூட இருந்து பாருங்கள். முடிந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆபத்து வந்தபோது பெண்ணின் கையில் என்ன இருந்தது? என்ன செய்வது என்று முடிவெடுத்தது யார்? அவள் செய்த காரியத்துக்கு மற்றவர்கள் நன்றி சொன்னார்களா, சிரித்தார்களா? பிள்ளைகள் நாங்கள் நினைப்பதைவிடக் கெட்டிக்காரர். நாலைந்து படத்தில் தாங்களாகவே பிடித்துவிடுவார்கள்.

மற்றும், பெண்பிள்ளைகள் முன்னுக்கு நிற்கும் கதைகளையும் தேடிக் கொடுங்கள். சுவீடன் எழுத்தாளர் அஸ்ரிட் லிண்ட்கிரென் 1945 இல் எழுதிய பிப்பி என்ற சிறுமி குதிரையையே தூக்குவாள். பொலிஸ்காரரும் கள்ளரும் அவளிடம் தோற்பார்கள். 1969 இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. ஜேர்மன் மொழியில் அதைப் பார்க்கலாம். நூலகத்தில் புத்தகமும் இருக்கும். தமிழில் நீங்களே வாயால் சொல்லிக் கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தாய்மாரே, உங்கள் கதையைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்றில்லை. பிள்ளையின் வயதுக்குத் தக்கபடி, தாங்கக்கூடிய அளவு சொல்லுங்கள். நித்திரை குழம்பும் பகுதிகளை வளர்ந்தபிறகு சொல்லலாம். எந்தப் பாதையால் வந்தோம், யார் வழி கேட்டது, கையில் என்ன இருந்தது, யார் முடிவெடுத்தது என்று சொல்லுங்கள். தகப்பன்மாரே, உங்கள் மனைவி செய்ததைப் பிள்ளைகள் கேட்க நீங்கள் சொல்லுங்கள். அவள் தானாகச் சொன்னால் பெருமை பேசுவது போல இருக்கும் என்று கூச்சப்படுவாள். நீங்கள் சொன்னால் பிள்ளை நம்பும். அடுத்தமுறை அலுவலகத்தில் மொழிபெயர்க்கும்போது அந்தப் பிள்ளை அம்மாவை வேறு கண்ணால் பார்க்கும்.